கும்பிட்டதற்கு விழுந்த அறை

சண்முகம் சார் போய்விட்டார் என்பது கீரனூர் பஸ்ஸில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. கல்லூரியில் அவரோடு வரலாறு நடத்தியவன் நான். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் ‘தங்கமான மனுஷர்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தீர்கள். தங்கமாவது, மண்ணாவது. நாலு பேர் பார்க்க என்னை அறைந்தவர் அவர்.

இடம் டோக்கியோ. அங்கே வேலை பார்க்கும் என் மகனைப் பார்க்கப் போனபோது சாரும் கூட வந்தார். போரில் மாண்டவர்களை ஜப்பானியர் தெய்வமாக வைத்திருக்கும் ஆலயத்தை அவர் பார்க்க வேண்டுமாம். வழியெல்லாம் அந்தக் கதைதான்.

“மொதல்ல உள்நாட்டுச் சண்டையில செத்தவங்களுக்குக் கட்டுனாங்க. அப்ப அங்க குதிரைப் பந்தயம், சர்க்கஸ், எல்லாம் நம்ம ஊர்த் திருவிழா மாதிரி. பெறகு பட்டாளம் கைக்குப் போச்சு. செத்தா சாமியாகலாம்னு சொல்லியே பயலுகளை அனுப்புனாங்க. தோத்த பெறகு, போர்க்குத்தவாளின்னு தூக்குல போட்ட தளபதிகளையும் சத்தமில்லாம உள்ள சேத்துட்டாங்க.”

ஆலயத்துக் காட்சிக்கூடத்தில் ஒரு ரயில் எஞ்சின் பளபளவென்று நின்றது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயில்பாதையில் ஓடியது. சாரின் அப்பா மலாயாத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனவர். அந்தப் பாதை போடத்தான் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கூட இருந்து தப்பி வந்த திருவரங்குளத்துக்காரர் சாரின் அம்மாவிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். காலராவில் விழுந்தவரை எழுந்திருக்கச் சொல்லி மூங்கிலால் அடித்தார்கள். மண்டை பிளந்தது. மூச்சு இருக்கும்போதே பிணங்களோடு சேர்த்துத் தீயில் போட்டார்கள்.

வெளியே வந்தால் எதிரே ஆலயம். சன்னதி என்று கண்ணில் பட்டால் நம் கை சும்மா இருக்குமா? செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். பளாரென்று விழுந்தது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

“எங்கப்பனை அடிக்கச் சொன்னவன் உள்ள சாமியா இருக்கான்யா. யாரைக் கும்பிடுறீங்க?”

பக்கத்தில் நின்ற வயதான ஓர் அம்மாள் ஏதோ சொன்னார். கூட வந்திருந்த என் மகன் அதைத் தமிழில் சொன்னான். அவருடைய அண்ணன் பத்தொன்பது வயதில் பர்மாவில் பட்டினி கிடந்து செத்தானாம். அவன் பெயரும் இதே ஆலயத்தில்தான் இருக்கிறதாம். மறுபடி ஓங்கியிருந்த சாரின் கை தொங்கிப்போனது.

“அந்தம்மா கும்பிடட்டும், வாங்க” என்று எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அறைந்ததற்கு அவர் ஒருநாளும் வருத்தம் சொல்லவில்லை. ரயிலில் திரும்பும்போது ஒன்றுதான் சொன்னார்: “அவுகளுக்காச்சும் பேர் எழுதி வச்சிருக்காக. எங்கப்பன் பேரைச் சொல்ல நான் ஒருத்தன்தான்யா.”

எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அது கிடக்கட்டும். சாருக்குப் பிள்ளைகள் இல்லை. மா. சண்முகம் என்று ஆயுசெல்லாம் கையெழுத்துப் போட்டவரிடம், முன்னால் நிற்கும் அந்த ‘மா’ யார் என்று நம்மில் ஒருவரும் கேட்டதில்லை. அறை வாங்கிய பிறகுதான் நானும் கேட்டேன்.

மாரிமுத்து.

இனி அந்தப் பேரை நான் நினைவில் வைத்துக்கொள்கிறேன், சார்.