மச்சான், மாப்பிள்ளை, நடுவில் ஒரு பட்டை

அந்தப் பெரிய ரயில் நிலையத்தை இடித்துக் கட்டிய காலம் முழுக்க ரயில்கள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. ஒரு பக்கம் கிரேன் இரும்புத் தூணைத் தூக்கிக்கொண்டிருக்கும். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் பெட்டியும் பிள்ளையுமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். எந்த நடைமேடையை எப்போது மூடுவது, எந்த வேலை முடிந்தால் எதைத் தொடங்கலாம் என்று ஆயிரக்கணக்கான வேலைகளை ஒரு மென்பொருளில் கோத்து வைத்திருந்தவர் ஒரு பெண்மணி. அவருடைய திரையில் ஒவ்வொரு வேலையும் ஒரு வண்ணப் பட்டை. முடிந்தது பச்சை, நடப்பது மஞ்சள், தாமதமானது சிவப்பு. ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு மெல்லிய கோடு. கொத்தனார் முதல் தலைமைப் பொறியாளர் வரை எல்லோருக்கும் அவர் பட்டையக்கா.

இந்தப் பெயரை வீட்டில் சொன்னபோது, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவருடைய கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பட்டை போடு, வேணாங்கல. யாருக்கும் பட்டை நாமம் போட்டுடாத!"

பட்டையக்கா இதற்கென்று படித்தவரில்லை. கல்யாணத்துக்கு முன்பு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கால அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார். ஒரே நேரத்தில் கணக்கு டீச்சர் இரண்டு வகுப்பில் நிற்க முடியாது, மைதானத்தில் இரண்டு வகுப்பு ஒன்றாக இறங்கினால் ரகளை, இப்படிப்பட்ட முடிச்சுகளை அவிழ்ப்பதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது. பிறகு கட்டுமான நிறுவனத்தில் தட்டச்சு வேலை. அங்கே ஆசை ஆசையாய் ஒரு மென்பொருள் வாங்கினார்கள். அதைக் கற்றுக்கொண்டு வந்த பொறியாளரோ சீக்கிரமே வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். "யாராவது அதைத் திறந்து பாருங்களேன்" என்று மேலாளர் கெஞ்சாத குறையாகக் கேட்டபோது இவர் திறந்து பார்த்தார். பழைய கால அட்டவணைதான். டீச்சர் இருந்த இடத்தில் கிரேன் இருந்தது. அன்றிலிருந்து இதுதான் அவர் தொழில்.

ரயில் நிலைய வேலை பாதியைத் தாண்டியபோது திரை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. எங்கு பார்த்தாலும் பச்சை. தினமும் காலையில் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஒரு சுற்று போவார். "முடிஞ்சிடுச்சுக்கா" என்பார்கள். பச்சையாக்கிவிட்டு வருவார்.

ஒரு நாள் பிரதானக் கூடத்தில் சீலிங் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருப்பதைக் கண்டார்.

"என்னங்க, வேலை ஆரம்பிக்கலையா?"

சீலிங் மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். "மேல கேபிள் வேலை முடியணும்ல. அதுக்கப்புறம்தானே பலகை மாட்ட முடியும்?"

"அது போன வாரமே முடிஞ்சதா எலக்ட்ரிக் மேஸ்திரி சொல்லிட்டாரே!"

"அவரு சொல்லுவாரு" என்றார் சீலிங் மேஸ்திரி. மறுபடியும் தன் ஆட்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பட்டையக்கா கூடத்தின் மறுகோடியில் இருந்த எலக்ட்ரிக் மேஸ்திரியிடம் போனார். அவர் ஒல்லியான ஆள், ரோஷக்காரர். "கேபிள் இழுத்தாச்சுக்கா. முடிஞ்சதுன்னா முடிஞ்சதுதான். நம்பிக்கை இல்லாதவங்க ஏறிப் பாத்துக்கட்டும்."

மத்தியானம் வேடிக்கை ஆரம்பித்தது. மென்பொருளில் ஒவ்வொரு பட்டைக்கும் கீழே கருத்து எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் சீலிங் மேஸ்திரி எழுதினார்: "கேபிளைத் தாங்கற தட்டு சரியா நிக்கல. பாத்துட்டு முடிஞ்சதுன்னு சொல்லவும்." உடனே பதில்: "பாக்கறதுக்குக் கண்ணு வேணும்." அடுத்தது: "கண்ணு இருக்கு. சிலருக்கு மரியாதைதான் இல்லை." "மரியாதையைப் பத்தி யாரு பேசறது? வீடு கட்டினவரா?"

கட்டத்தில் எழுதுவதெல்லாம் திட்டத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் மின்னஞ்சலாகப் போகும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. கண்ணாடி அனுப்பும் நிறுவனத்திலிருந்து ஒருவர், "யார் வீடு?" என்று அக்கறையாகக் கேட்டிருந்தார்.

பட்டையக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. இரண்டு பேரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, திரையைத் திருப்பிக் காட்டினார். இருவர் முகமும் சுண்டிப்போனது.

"இப்ப சொல்லுங்க. என்ன வீடு?"

விஷயம் இதுதான். சீலிங் மேஸ்திரியின் தங்கையைத்தான் எலக்ட்ரிக் மேஸ்திரி கட்டியிருந்தார். மச்சானான சீலிங் மேஸ்திரி புது வீடு கட்டியபோது வயரிங் வேலையை வெளியாளிடம் கொடுத்துவிட்டார்.

"வீட்லயே ஒரு எலக்ட்ரிக் மேஸ்திரிய வெச்சுக்கிட்டு ஊர்ல ஆள் தேடினாருக்கா! எம்மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?"

"மாப்பிள்ளைகிட்ட வேலைய குடுத்தா, கோணலா இருந்தா கேக்க முடியுமா? இந்த சுவிட்ச அங்க வைன்னு அதட்ட முடியுமா? தங்கச்சி அழுவா. அதுக்குத்தான் ஒதுங்கினேன்" என்றார் மச்சான். இதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை போலிருக்கிறது.

அவர்கள் போன பிறகு பட்டையக்கா நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேபிள் இழுப்பவருக்கு இழுத்தால் முடிந்தது. பலகை மாட்டுபவருக்கு, தட்டு அசையாமல் நின்றால்தான் முடிந்தது. அவர் போட்ட கோடு இரண்டு பட்டைகளை இணைத்ததே தவிர, ஆட்களை இணைக்கவில்லை. இதே போல இன்னும் எத்தனை பச்சையோ!

தலைமைப் பொறியாளரிடம் போய்ச் சொன்னார். "சார், இனிமே ஒரு வேலை முடிஞ்சதுன்னு செஞ்சவங்க சொல்லக் கூடாது. அடுத்த வேலைக்காரங்க பாத்துட்டு, 'நான் ஏத்துக்கறேன்'னு சொன்னாதான் பச்சை. இதுவரைக்கும் பச்சையா இருக்கறதையும் அப்படியே திரும்பக் கேக்கணும்."

"நாளைக்கு ரயில்வே அதிகாரிங்க வராங்கம்மா! இன்னைக்குப் போய்ச் சிவப்பாக்கறீங்களா?"

"திறப்பு விழா அன்னைக்குச் சிவப்பானா என்ன சார் பண்றது?"

பொறியாளர் நெற்றியைத் தேய்த்தார், ஜன்னல் வழியாகக் கூடத்தைப் பார்த்தார், முணுமுணுத்தார். பிறகு, "செய்யுங்க. ஆனா மஞ்சள்னு ஒண்ணு இருக்கே, அதையும் கொஞ்சம் பயன்படுத்துங்க" என்றார். அதோடு நிற்காமல், முடிந்த வேலையை, செய்த மேஸ்திரியும் அடுத்த வேலையின் மேஸ்திரியும் ஒன்றாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற யோசனையையும் அவரே சேர்த்தார்.

மறுநாள் கூட்டத்தில் திரை சிவப்பும் மஞ்சளுமாக, அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. வந்தவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். பட்டையக்கா ஒவ்வொன்றுக்கும் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று சொன்னார். மூத்த அதிகாரி ஒருவர் கடைசியில், "போன தடவை பார்த்தப்ப ஒண்ணும் கேக்கத் தோணல. இப்பதான் என்ன நடக்குதுன்னு புரியுது" என்று சொல்லிவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டார்.

அதே நேரம் கூடத்தில் மச்சானும் மாப்பிள்ளையும் ஏணி மேடையில் ஏறியிருந்தார்கள். மச்சான் ஒரு தட்டைக் கையால் அசைத்தார். அது ஆடியது.

"ஆடுது மாப்பிள்ளை."

மாப்பிள்ளையும் அதை ஒரு முறை அசைத்துப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை இடுப்பிலிருந்து எடுத்தார். "ஆடுதுதான். பிடிங்க மச்சான், முறுக்கிடறேன்."

அந்த வரிசை முழுவதையும் முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினார்கள். சாயங்காலம் கருத்துக் கட்டத்தில் சீலிங் மேஸ்திரி ஒரே வரி எழுதியிருந்தார்: "பாத்தாச்சு, ஏத்துக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை தங்கச்சியக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வரவும்." இதுவும் எல்லோருக்கும் போனது. கண்ணாடி நிறுவனத்துக்காரர் வாழ்த்து அனுப்பினார்.

புது விதி உடனே யாருக்கும் பிடித்துவிடவில்லை. குழாய்க்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள், வர்ணக்காரர்கள் புலம்பினார்கள். சில வேலைகளை உடைத்துத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது, திறப்பு விழாவும் கொஞ்சம் தள்ளிப்போனது. ஆனால் தள்ளிப்போன தேதி அப்புறம் அசையவில்லை.

நிலையம் திறந்த வாரம் பட்டையக்கா கணவரையும் மகளையும் அழைத்துக்கொண்டு அங்கே போனார். பக்கத்து ஊருக்கு மூன்று டிக்கெட் வாங்கினார்கள். அங்கே ஒரு வேலையும் இல்லை, சும்மா போய் வரத்தான். உயரமான கூடத்தில் வெயில் சாய்வாக இறங்கியிருந்தது. மகள் கழுத்து வலிக்க மேலே பார்த்துவிட்டு, "அழகா இருக்கும்மா" என்றாள். பட்டையக்காவுக்கு அது போதுமாயிருந்தது.

நடைமேடைக்குப் போனபோது, ரயில் தாமதமாக வரும் என்று ஒலிபெருக்கி சொன்னது.

"ஏன் லேட்டு? எதுக்காகக் காத்துக்கிட்டிருக்காம்?" என்று கணவர் கேட்டார்.

"யாருக்குத் தெரியும்? அது வேற யாரோட வேலையோ" என்றார் பட்டையக்கா. செருப்பைக் கழற்றிவிட்டு, புது பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு, மகள் கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை வாங்கினார்.