அண்ணன் பெயரில் சேமித்த ஆட்டம்

அப்பா பீங்கான் கம்பெனியிலிருந்து வருவதற்குள் இந்த டைரியை எழுதிவிட வேண்டும். பார்த்தால் தொலைந்தேன்.

புதையல் தேடும் அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஐந்தாம் பாகமே வந்துவிட்டது. நான் ஆசையாக முதல் பாகத்தை மறுபடி ஆடி, கடைசிக் கதவு வரை போயிருந்தேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு கம்ப்யூட்டரு?" என்பார் அப்பா. அதனால் அண்ணன் பெயரில்தான் சேமித்து வைத்தேன்.

இன்று அவன் நண்பர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள்.

"டேய், நீயாடா இவ்ளோ தூரம் போன?"

"பின்ன, எங்க வூட்டுப் பொட்டப் புள்ளையா ஆடும்?"

முதல் பள்ளத்தையே தாண்டத் தெரியாதவன்! பல்லைக் கடித்துக்கொண்டு டீயை வைத்துவிட்டு வந்தேன்.

நாளை அவர்கள் முன்னால் அண்ணன் ஆடிக் காட்ட வேண்டுமாம். சாயங்காலம் அடுப்படிக்கு வந்து, "அந்தக் கதவு எந்தப் பக்கம்டி இருக்குது?" என்று கெஞ்சினான்.

இடது பக்கம் கதவு. வலது பக்கம் முதலைக் குளம்.

எந்தப் பக்கம் சொல்லட்டும்?