தூத்துக்குடிக்கு வந்த பனி டயர்

பிளாரன்ஸுக்கு அந்தக் காரின் மேல் கோபமே கிடையாது. கோபமெல்லாம் அதன் டயரைப் பற்றிக் கருத்துச் சொல்ல வந்தவர்கள் மேல்தான். ஊரில் பாதிப் பேர் சொல்லியாகிவிட்டது. மீதிப் பேரும் கிறிஸ்துமஸுக்குள் வந்து சொல்லிவிடுவார்கள்.

கார் அவள் கணவர் ஜோன்ஸ் ஆசைப்பட்டு வாங்கியது. ஜப்பானில் செய்த, இரண்டே பேர் உட்காரக்கூடிய, துணிக்கூரை போட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார். இன்ஜின் முன்னால் இல்லை, சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஜோன்ஸ் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். வருஷத்தில் முக்கால்வாசி கடலில். லீவுக்கு வந்தால் காரைத் துடைப்பார், நண்பர்களைக் கூட்டி வந்து காட்டுவார். "வாரம் ஒருக்க எடுத்து ஓட்டு, இல்லன்னா பேட்டரி போயிரும்" என்று பிளாரன்ஸிடம் சொல்லிவிட்டுக் கப்பலேறிவிடுவார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வாரம் முழுக்கக் காகிதங்களோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். ஞாயிறு பூசை முடிந்து திருச்செந்தூர் ரோட்டில் அந்தக் காரை விரட்டிக்கொண்டு போய்வரும் நேரம் ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது. முதலில் பேட்டரிக்காகத்தான் ஓட்டினாள். பிறகு பேட்டரியை யார் நினைத்தது?

ஐப்பசியின் முதல் மழை பெய்த ஞாயிற்றுக்கிழமை, உப்பளங்களுக்கு நடுவே போகிற வளைவில் லேசாகத்தான் பிரேக்கைத் தொட்டாள். காரின் பின்பக்கம் தன்னிஷ்டத்துக்குக் கிளம்பிவிட்டது. சுழன்று, வந்த திசையைப் பார்த்தபடி நின்றது. பக்கத்து சீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் ரீனா. எதிரே லாரி எதுவும் வராதது மாதாவின் கருணை. ரீனா கத்தவில்லை, அழவில்லை. வீட்டில் வந்து இறங்கியதும், "இனிமே நான் இதுல வரமாட்டேன்ம்மா" என்றாள். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் பிளாரன்ஸ் டயரைக் குனிந்து பார்த்தாள். அதிக ஓட்டமில்லாத கார், டயரின் மேலுள்ள பட்டன் வரிகள் கொஞ்சம்கூடத் தேயவில்லை. ஆனால் நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் வாளியை அழுத்துவது போல இருந்தது. வெயிலிலும் உப்புக்காற்றிலும் நின்று நின்று ரப்பர் செத்துப் போயிருந்தது. பக்கவாட்டில் நாலு எண்கள்: முதல் இரண்டும் தயாரித்த வாரம், பின்னிரண்டும் வருஷம். இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷத்து டயர். ரீனா ஒன்றாம் வகுப்புகூடப் போகாத காலம்.

கார் சுழன்றதை ஜோன்ஸிடம் சொல்ல முடியாது. முன்னொரு தடவை அவளுடைய ஸ்கூட்டியில் ஒரு ஆட்டோ உரசியதற்கே, நடுக்கடலில் இருந்தபடி அதை விற்க ஏற்பாடு செய்த மனிதர். இதைச் சொன்னால் சாவி அன்றைக்கே கைவிட்டுப் போகும். ஆகவே போனில் டயரின் வயதை மட்டும் சொன்னாள்.

"பட்டன் இருக்கா?" என்றார் ஜோன்ஸ்.

"இருக்கு. ஆனா டயர் பன்னெண்டாம் வருஷம்ங்க."

"பட்டன் இருக்குல்லா, பெறவென்ன? நா வந்து பாக்கேன்."

அவள் தம்பி ரோச் கீழவைப்பாரில் விசைப்படகு வைத்திருப்பவன். வந்தான், டயரை உதைத்தான். "புதுசு கணக்கா இருக்குக்கா. வேண்டாம்னா எனக்குத் தா" என்றான். டயரை உதைத்துப் பார்ப்பதில் என்னதான் தெரியுமோ, ஆண்பிள்ளைகள் எல்லாரும் முதலில் உதைக்கத்தான் செய்கிறார்கள்.

டயர்க்கடை சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி உதைக்கவில்லை, அந்த மட்டில் நல்லவர். ஆனால் முன் டயரையும் பின் டயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாரோ தப்பா மாட்டி வச்சிருக்கான். முன்னால ஒல்லி, பின்னால தடி. நாலையும் ஒண்ணுபோல போட்ருவோம்" என்றார்.

"அண்ணாச்சி, இந்த வண்டிக்கே அப்படித்தான். வெயிட்டு பூராவும் பின்னால. அங்க ஒல்லியா போட்டா வளைவுல வாரிரும்."

"உங்களுக்கு யாரு சொன்னா? சார்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க."

சார்! ஸ்டியரிங்கைப் பிடிப்பவள் எதிரே நிற்கிறாள், சார் எந்தச் சமுத்திரத்தில் இருக்கிறாரோ. பிளாரன்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே நின்று கோயம்புத்தூரில் ஒரு கடைக்குப் போன் போட்டாள். முன்னுக்கும் பின்னுக்கும் அளவைத் தனித்தனியாகச் சொன்னாள். தேதியைப் படம் எடுத்து அனுப்பினால்தான் வாங்குவேன் என்றாள். இந்த வருஷத்து டயர், மழைக்கு நல்ல பிடி, நாலும் இருக்கிறது என்று பதில் வந்தது. கோயம்புத்தூரில் வாங்கப்போவதாக ஜோன்ஸுக்கு ஒரு வரி தட்டிவிட்டு, சரி என்று சொல்ல வாயெடுக்கும்போது ஜோன்ஸின் குரல் செய்தி வந்து குறுக்கே விழுந்தது.

"ஏளா, எதுவும் வாங்கிராத! இங்கன ஜப்பான்ல கரெக்ட் சைஸ் கெடச்சிட்டு. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியா, நாலும் புத்தம்புதுசு. நம்ம ஜெரால்டு வேல பாக்குற கப்பல் தூத்துக்குடிதான் வருது, ஏத்தி விட்டாச்சு."

டயர் வந்து சேரக் கார்த்திகை முழுவதும் போயிற்று. சுங்கத்துக்கு நடை, துறைமுக கேட்டுக்கு நடை. ஊர்க்காரர்களின் சரக்கையெல்லாம் நொடியில் விடுவித்துக் கொடுப்பவள், தன் வீட்டு டயருக்காகத் தன் ஆபீசிலேயே கெஞ்ச வேண்டியிருந்தது. ஒருவழியாக வீட்டில் இறக்கிப் பார்த்தாள். அளவு சரி. தேதி சரி. ரப்பர் அழிரப்பர் போல மெத்தென்று இருந்தது. பக்கவாட்டில் ஒரு படம்: மூன்று சிகரம் உள்ள மலை, அதன் நடுவே ஒரு பனிப்பூ.

பனி டயர். ஐஸ் மூடிய ரோட்டுக்கென்று செய்தது. ஜப்பானில் ஜோன்ஸ் இறங்கிய வடக்கத்தித் துறைமுகத்தில் பனிக்காலம். கடைக்காரன் கையில் இருந்ததைக் கொடுத்திருக்கிறான். மார்கழியிலும் மத்தியானம் மண்டை காய்கிற ஊருக்கு அது வந்து இறங்கியிருக்கிறது. பிளாரன்ஸுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

போன் போட்டாள். நல்லவேளை, கப்பல் கரையில் நின்றது.

"இந்த ஊரு ரோட்டுக்கு இது தாங்காதுங்க. சூட்டுல கொழகொழன்னு போயிரும், மழைக்கும் ஆகாது."

"நீ என்ன ரேஸுக்கா போற? மெல்ல ஓட்டுறதுக்கு எது போட்டா என்ன?"

அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்தது.

"மெல்லத்தான் ஓட்டினேன்! ஐப்பசி மழையில, உப்பளத்துகிட்ட, கார் சுத்திட்டு. ரீனா பக்கத்துல இருந்தா!"

 

"ரீனாக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"ஒனக்கு?"

"இல்ல."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?" என்றவர், அவள் பயந்ததையே அடுத்துச் சொன்னார். "நா வார வரைக்கும் நீ கார எடுக்காத. சாவிய ரோச்சுட்ட குடு."

பிளாரன்ஸ் விடவில்லை. 

"உங்க கப்பல்ல தேதி முடிஞ்ச ரப்பர் ஹோஸ வச்சிருப்பீங்களா?"

"கழட்டிப் போட்ருவோம். அதுக்கென்ன?"

"பாக்கதுக்கு நல்லா இருந்தா?"

"நல்லா இருந்தாலும்தான்."

"கழட்ட மறந்து, அது வெடிச்சிட்டுன்னா? ஹோஸ மாத்துவீங்களா, இல்ல பக்கத்துல நின்னு வேல பாத்த ஆளுட்டருந்து சாவியப் புடுங்குவீங்களா?"

அவர் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"தேதிய நான் மொதல் நாளே சொன்னேன்" என்றாள். "என் புள்ள சாவக் கெடந்துச்சுன்னு சொன்னாத்தான் உங்க காதுல விழுமா?"

ஜோன்ஸ் இறங்கிய குரலில், "கோயம்புத்தூர்க்காரன் நம்பர் அனுப்பு. நா பேசுதேன்" என்றார்.

"நான் பேசிட்டேன்" என்று சொல்லி வைத்தாள்.

கோயம்புத்தூர் டயர் லாரியில் வந்தது. அண்ணாச்சி முனகிக்கொண்டே முன்னுக்கு ஒல்லியும் பின்னுக்குத் தடியுமாக மாட்டினார். பனி டயர் நாலும் ரோச்சின் படகில், துறைச் சுவரில் உரசாமலிருக்கக் கட்டப்பட்டுத் தொங்குகின்றன.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. பிளாரன்ஸ் காரை வெளியே எடுத்தபோது பக்கத்துக் கதவு திறந்தது. ரீனா ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். உப்பள வளைவு வரும்போது கதவுப்பிடியை இறுக்கிக்கொண்டாள். பிளாரன்ஸ் பிரேக்கைத் தொட்டாள். கார் சொன்னபடி கேட்டுத் திரும்பியது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது, ஜோன்ஸ்தான். ரீனா பிடியை விட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

"அப்பா, அம்மா ஓட்டுதாங்க. பெறவு பேசுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.