சகாயமேரி அக்கா அவிழ்த்துவிட்ட கயிறு

வியாழக்கிழமை காலை தூத்துக்குடி பஸ் கண்டக்டர் ஏரல் மாட்டாஸ்பத்திரிக்குள் வந்து, "டாக்டர், குதிரைவண்டி சகாயமேரியக்கா போயிட்டாவ. நேத்தே அடக்கம் முடிஞ்சிட்டு" என்றார். நேற்றே சொல்லக்கூடாதா என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

ரயிலடியில் அக்காவின் வண்டியில் ஏறிய உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. பெண்பிள்ளை வண்டி ஓட்டுவதா என்று சிரித்தவர்களையும் ஏற்றிக்கொண்டு போனவர். ஆனால் அந்த வண்டியே நின்றுபோக இருந்த ஒரு சாயங்காலத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

எழுபதுகளின் தொடக்கம். நான் தூத்துக்குடியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அக்காவின் கணவர் இறந்து இரண்டு மாதம். மிச்சமிருந்தது மூன்று பிள்ளைகளும் ராணி என்ற குதிரையும். கணவர் இருந்தபோது புல்லுக்குள் கயிற்றை ஒளித்து நீட்டுவார். குதிரை வாய் வைத்ததும் கழுத்தில் மாட்டி இழுப்பார். ரயிலடி வண்டிக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். அதனால் புல்லைக் கண்டாலே ராணி மிரண்டு ஓடும். அப்படி ஓடித்தான் உப்பளத்துக்குள் போய்விட்டது. முள்கம்பி கிழித்த முன்னங்காலில் புழு வைத்து, மூன்று நாளாக யார் கையிலும் அகப்படவில்லை. இன்றைக்கு மருந்து போடாவிட்டால் கால் போய்விடும் என்று நானே சொன்னேன்.

உப்பு வாருகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு கையை விரித்து வளைத்தோம். ராணி பின்வாங்கி வரப்பின் விளிம்புக்குப் போனது. பின்னால் சேற்று ஓடை. இன்னும் ஓரடி வைத்தால் உள்ளே.

"எல்லாரும் அங்கன போங்க!" என்று அக்கா கத்தினார். "டாக்டரய்யா, நீங்களுந்தான்."

கயிற்றை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தார். "கயித்தை மொதல்ல காட்டணும்" என்றார். நேராகப் போகவில்லை. குறுக்கே நடந்தார், ராணி காதை மடக்கினால் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொழுது சாயத் தொடங்கியது. கடைசியில் குதிரை கழுத்தை நீட்டியது. அக்கா கயிற்றை மாட்டினார். நான் மருந்துப் பையோடு எழுந்தேன்.

அவிழ்த்துவிட்டார்.

"ஒங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று கத்திவிட்டேன்.

"பிடிச்சா விடவும் செய்வாவன்னு அதுக்குத் தெரியணும்லா. சும்மா இருங்க."

ராணி முப்பதடி ஓடி நின்றது. அக்கா கயிற்றை மடியில் விரித்து வரப்பில் உட்கார்ந்தார். துறைமுகப் பாதையில் ஒரு லாரி ஹாரன் அடிக்க, குதிரை துள்ளியது. இருட்டிவிட்டால் எங்கே போய்த் தேடுவது? அக்கா அசையவில்லை. நொண்டி நொண்டி அது தானாக வந்து கயிற்றை முகர்ந்து பார்த்தது.

நான் புழு எடுத்துக் கட்டுப்போடும்வரை ராணி நடுங்கிக்கொண்டே நின்றது. முடித்து நிமிர்ந்தால், அக்கா முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தார்.

"அவ்வளவு தைரியமா அவுத்துவிட்டுட்டு இப்ப அழுதா எப்படி?" என்றேன், மடையன் மாதிரி.

"தைரியமா? கை ரெண்டும் ஆடிச்சே, நீங்க பாக்கலியா? எம்பிள்ளைய மூணையும்லா சேத்து அவுத்துவிட்டேன்."

நான் பார்க்கவில்லை. குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரிடமிருந்து எனக்கென்று வைத்திருப்பது, அன்று நான் பார்க்கத் தவறிய, நடுங்கிக்கொண்டே முடிச்சை அவிழ்த்த அந்த இரண்டு கைகள்தான்.