என் ஒரே சாட்சி ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார். நேற்று காலை கடை திறக்கும்போதே நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர். என் நஷ்டஈடு கேஸில் எனக்கு இருந்த ஒரே சாட்சி.

பிரஸ் மெஷினில் என் வலது கை மாட்டிய அன்று யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ரெக்கார்டு ஆகிவிடுமாம். கான்ட்ராக்டர் காரில்தான் ஏற்றினார்கள்.

கேட்டில் கார் நின்றபோது அக்கா ஓடிவந்து, கடைத் துண்டால் என் கையைச் சுற்றினார். "கண்ண மூடாத தம்பி, என்னையே பாரு..." அந்தக் குரலால்தான் மயங்காமல் இருந்தேன்.

கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. கேஸ் போட்டால், நான் வெளியே பைக்கிலிருந்து விழுந்தேன் என்கிறார் கான்ட்ராக்டர். கம்பெனியோ என்னைத் தெரியவே தெரியாது என்கிறது.

அக்காவிடம் சொன்னதும் சிரித்துவிட்டார். "உனுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே... பைக்குல எங்கடா வுயுந்த? நான் வந்து சொல்றேன்."

கடையைக் காலி செய்யச் சொல்லி செக்யூரிட்டி வந்தபோதும் அசரவில்லை. "ரோடு இன்னா உங்க கம்பெனிதா?" என்று கேட்டுவிட்டு அவருக்கே ஒரு டீ போட்டுக் கொடுத்தார்!

போன வாய்தாவுக்குக் கடையை மூடிவிட்டு, சர்ச்சுக்குக் கட்டும் புடவையில் வந்தார். கேஸை விசாரிக்கும் அதிகாரி லீவ்... ஒத்திவைத்துவிட்டார்கள். "பஸ்ஸு ஃபுல்லா மனப்பாடம் பண்ணிக்கினு வந்தேன்டா!" அவ்வளவு கோபம் அவருக்கு.

இன்று சேரப்பணஞ்சேரியில் அடக்கம். எங்கள் லைன் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். என் கை மாட்டியதை நேரில் பார்த்தவர்கள்.

அங்கேயே வக்கீலின் போன். "வேற யாராவது சாட்சி சொல்வாங்களா?"

போனைக் காதில் வைத்தபடியே அவர்களைப் பார்த்தேன். என் பக்கத்து மெஷின் குமார் மட்டும் கிட்டே வந்தான். "தப்பா நெனச்சிக்காத மச்சான்... வாயத் தொறந்தா நாளைக்கே என்னையும் வெளிய அனுப்பிடுவானுங்க. ரெண்டு பசங்க கீதுங்க வூட்ல."

அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை. படாமல் இருக்கவும் முடியவில்லை.

"யாரும் இல்ல சார்" என்றேன் வக்கீலிடம்.

பிறகு எல்லோரையும் போல நானும் குழியில் மண் போடப் போனேன். வலது கையால் அள்ளிப் பார்த்தேன்... நிற்கவில்லை.

இடது கையாலதான் போட்டேன், மன்னிச்சிடுங்க அக்கா. போயிட்டு வாங்க...