ஜாஸ்மின் படம்பிடித்த கால்கள்

ஜாஸ்மினைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் எங்கள் துறைக்காரர் ஒருவர் கேட்டார்: "அவங்கதான் பி.எச்.டி. முடிக்கலையே மேடம், என்னத்த எழுதுவீங்க?" முடித்தவர்களைப் பற்றிச் சொல்லக் கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் போர்டு இருக்கிறது, அதில் பொன்னாடையும் பூங்கொத்துமாக அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் எழுதுவது முடிக்காதவளைப் பற்றி.

ஜாஸ்மின் மண்ணூர்க்காரி. ஒரகடம் சாலையில் இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பதினான்கு வருடமாக எலெக்ட்ரானிக்ஸ் பாடம் எடுக்கிறாள். நான் மஞ்சுளா, அதே கல்லூரியில் கணக்கு. ஸ்டாஃப் ரூமில் அவளுக்கும் எனக்கும் ஒரே மேசை, ஒரே ஃபேன். அந்த ஃபேன் என் பக்கம் மட்டும்தான் காற்று தரும். அதைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அப்படிப்பட்ட பிறவி.

எட்டு வருடத்துக்கு முன் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தாள். வழிகாட்டி இராமச்சந்திரன் சார். கம்பியில்லா வலையமைப்பு என்று முதலில் ஒரு தலைப்பு கொடுத்தார். இரண்டு வருடம் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனால், "இதெல்லாம் எல்லாரும் பண்ணிட்டாங்கம்மா, மொபைலைச் சேர்த்துக்கோ" என்றார். மொபைலைச் சேர்த்தாள். அடுத்த வருடம் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்து, "இப்ப மெடிக்கல்தான் எடுபடுது, தெர்மல் இமேஜிங் சேர்த்துடு" என்றார். சாம்பாரில் காய் சேர்ப்பதுபோல அவர் சேர்த்துக்கொண்டே போனார். அடுப்பில் நின்று வெந்தது இவள்.

ஆனாலும் அந்த மூன்றையும் ஒன்றாக்கி அவள் உருப்படியான ஒன்றைச் செய்தாள் என்பதை நான் சொல்லியாக வேண்டும். சர்க்கரை நோய்க்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி போய்விடும். புண் வந்தாலும் தெரியாது. ஆனால் புண் வெளியே தெரிவதற்குப் பல நாள் முன்பே அந்த இடம் உள்ளுக்குள் சூடாகத் தொடங்கும். போனில் பொருத்தும் ஒரு சின்னக் கேமரா உண்டு, அது வெளிச்சத்தை அல்ல, சூட்டைப் படம்பிடிக்கும். குளிர்ந்த இடம் நீலம், சூடான இடம் சிவப்பு. இடதுகாலையும் வலதுகாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு கால்களுக்கும் நடுவே இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அங்கே ஆபத்து. இந்தக் கணக்கைப் போனே போட வேண்டும், படம் ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டரின் திரைக்குப் போய்ச் சேர வேண்டும். இதுதான் அவள் ஆராய்ச்சி.

யார் காலைப் படமெடுப்பது? அதற்கு அவள் எங்கும் அலையவில்லை. வல்லம் வடகால் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஹவுஸ்கீப்பிங், கேன்டீன் வேலைக்குப் போகும் பெண்கள் மண்ணூரிலேயே தெருவுக்குப் பத்துப் பேர். எட்டு மணி நேரம் சேஃப்டி ஷூவுக்குள் கால், அதில் பாதிப்பேருக்குச் சர்க்கரை. சனிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் மூன்று மணிக்கு இறக்கிவிடும். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஹாலுக்கு வந்து காலைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஹாலில் சிக்னல் கிடையாது. சுற்றிலும் தகரக் கொட்டகையாகக் குடோன்கள் எழுந்தபின் செல்போன் கோபுரம் இருந்தும் புண்ணியமில்லை. அதற்கும் அவள் வழி கண்டுபிடித்தாள். படம் சுருங்கி ஒரு போனிலிருந்து அடுத்த போனுக்குத் தானாகக் கைமாறும், கடைசியில், அடுத்த ஷிஃப்டுக்கு ஆள் ஏற்ற நிற்கும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர் இசக்கிபாண்டியின் போனில் ஏறி உட்காரும். பஸ் மெயின் ரோட்டைத் தொட்டதும் சிக்னல் கிடைத்து அங்கிருந்து பறக்கும். இசக்கிபாண்டி திருநெல்வேலிக்காரர். "மேடம், உங்க காலு எல்லாம் போய்ச் சேந்துட்டு, கவலப்படாதீய" என்று போன் செய்வார். ஆராய்ச்சியின் அந்தப் பகுதி ஒருநாளும் அவளுக்குத் துரோகம் செய்யவில்லை.

துரோகம் செய்தது படம்தான். ஒன்றரை வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லாக் காலும் நீலம். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை இருப்பவளுக்கும் நீலம், விரலிடுக்கில் வீக்கம் கண்ணுக்கே தெரிகிறவளுக்கும் நீலம். வித்தியாசம் அரை டிகிரியைத் தாண்டவில்லை. ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பினால், "உங்கள் தரவு மருத்துவத்துக்கே முரணாக இருக்கிறது" என்று திருப்பி அனுப்பினார்கள். இராமச்சந்திரன் சாரிடம் போனால் படத்தைப் பார்க்காமலே, "அல்காரிதத்தை மாத்தும்மா" என்றார். மாற்றினாள். நான்கு முறை மாற்றினாள். நடுவே அட்மிஷன் சமயத்தில் பிளஸ் டூ பையன்களின் வீடு வீடாகப் போய்க் கல்லூரிக்கு ஆள் பிடிக்கச் சொன்னார்கள், அதையும் செய்தாள். கேமரா ஹெச்.ஓ.டி.யின் பீரோவில் பூட்டியிருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் மூன்று கையெழுத்து. எனக்கு அந்த பீரோவைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

படமெடுக்கும் விதிமுறையில் அவள் ஒரு புள்ளி தவறியதில்லை. ஷூவைக் கழற்றிப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். "கழட்டிப் பதினஞ்சு நிமிஷம் ஆச்சாக்கா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பாள். "ஆச்சு டீச்சரம்மா" என்பார்கள். காபி குடித்தீர்களா, வெயிலில் நடந்தீர்களா, எண்ணெய் தடவினீர்களா என்று படிவத்தில் கேள்விகள். எல்லாம் வெளிநாட்டுக் கட்டுரைகளிலிருந்து எடுத்தவை.

ஒரு தப்பு மட்டும் செய்தாள். ஆராய்ச்சி முடியும்வரை முடிவை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது விதி. ஆனால் காலைக் காட்டிய பெண், "எப்டி கீது?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டால் அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. "நார்மல்தான்க்கா" என்பாள். அவர்கள் முகம் மலர்ந்து போவார்கள்.

ராஜம்மாவிடமும் நான்கு முறை அப்படிச் சொன்னாள். ராஜம்மா ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரை துடைப்பவள், ஐம்பத்திரண்டு வயது. மற்ற பெண்களைத் திரட்டிக்கொண்டு வருவதே அவள்தான். இந்த ஏப்ரலில் இரண்டு சனிக்கிழமை அவளைக் காணோம். மூன்றாம் சனிக்கிழமைதான் விஷயம் தெரிந்தது, அரசு ஆஸ்பத்திரியில் இடதுகால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள்.

நானும் ஜாஸ்மினும் போனோம். வார்டில் ஒரே கட்டிலில் ராஜம்மா தன் மூட்டை முடிச்சோடு படுத்திருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"படுங்கக்கா. எப்படி இப்படி ஆச்சு? சொல்லியிருக்கலாமே" என்றாள் ஜாஸ்மின்.

"சாக்ஸுல கறை மாதிரி இருந்திச்சி. என் பொண்ணு டாக்டராண்ட போலாம்னுதான் சொல்லிச்சி. நான்தான், டீச்சரம்மா மெசினே நார்மல்னு சொல்லிட்சி, நீ இன்னா கண்டேன்னு ஏசி உட்டேன்."

ஜாஸ்மின் முகம் செத்துப்போயிற்று. ராஜம்மா அதைத் தவறாகப் புரிந்துகொண்டாள். ஏதோ தன்மேல் கோபம் என்று நினைத்து அவசரமாகச் சொன்னாள்: "நான் சுத்தமாத்தான் வச்சிக்கினு இருந்தேன் டீச்சரம்மா. ஒவ்வொரு வாட்டியும் உங்களாண்ட காட்றதுக்கு மின்னாடி சோப்பு போட்டு நல்லா தேச்சித்தான் கழுவினேன். நான் மட்டுமா, எல்லாரையும் ஹாலு பின்னாடி குழாயாண்ட நிக்க வச்சிக் கழுவ வச்சித்தான் உள்ள அனுப்புவேன்."

"குழாயிலயா? ஒவ்வொரு தடவையுமா?"

"பின்ன? சம்ப்பு தண்ணி, ஐஸு மாதிரி இருக்கும். பத்து நிமிசம் ஊற வச்சி, தொடச்சிக்கினு வருவோம். அழுக்குக் காலைப் போயி படிச்சவங்க கிட்டக்க நீட்ட முடியுமா? மொத நாளு ஷூவைக் கழட்டினப்போ இந்த மேத்ஸு டீச்சரம்மா முந்தானையால மூக்கைப் பொத்திக்கினாங்க. பாவம், அவங்க மேல தப்பு இல்ல, நாத்தம் அப்டி. அப்பவே சொல்லிட்டேன், இனிமே எவளும் கழுவாம உள்ள போவக்கூடாதுன்னு."

இந்தக் கட்டுரையில் இதுவரை வழிகாட்டியைத் திட்டினேன், பீரோவைத் திட்டினேன், தகரக் கொட்டகையைத் திட்டினேன். மூக்கைப் பொத்தியது நான். படிவம் எழுதித் தர முதல் சனிக்கிழமை அவளோடு போனேன், யோசிக்காமல் செய்தேன், அன்றே மறந்தும் போனேன். ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறிய காலில் எந்தச் சூடு மிஞ்சும்? கழற்றிப் பதினைந்து நிமிடம் ஆச்சா என்று அவள் கேட்டதற்கு அவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். காலைக் கழுவினீர்களா என்ற கேள்வி அந்த வெளிநாட்டுப் படிவத்தில் இல்லை. பெரியவர்களிடம் காலைக் காட்டுமுன் கழுவும் ஊர் எப்படியிருக்கும் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரியாது. மண்ணூரில் பிறந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வரும்போது பஸ்ஸில் ஜாஸ்மின் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கடிந்து பேசியிருந்தால் தேவலை.

பதிவுக் காலம் ஜூன் முப்பதோடு முடிகிறது, இனி நீட்டிப்பு கிடையாது. ஆய்வேடு எழுதி முடித்து, டைப் செய்து, பைண்டிங் கொடுப்பதுதான் பாக்கி. அந்தப் பட்டம் வந்தால்தான் அவள் உதவிப் பேராசிரியையாகவே ஓய்வு பெறாமல் இருக்கலாம். இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் படங்களும் செல்லாது என்று அவள் போய்ச் சொன்னதும் இராமச்சந்திரன் சார் முதல்முறையாகப் படங்களைப் பார்த்தார்.

"இது உனக்கும் எனக்கும்தான் தெரியும். நெட்வொர்க் பகுதி நல்லாத்தானே இருக்கு? அதை முன்னால வை. படத்தைப் பின்னிணைப்புல தள்ளிடு. எவன் பார்க்கப்போறான்?"

நானும் அதையே சொன்னேன். ஆம், நானும்தான். "எட்டு வருஷம் ஜாஸ்மின். கொடுத்துட்டுப் போ. அப்புறம் சரிபண்ணிக்கலாம்" என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு மஞ்சுளா. தப்பான படத்தை நாலு நிமிஷத்துல கொண்டுபோய்ச் சேர்த்திருக்கு" என்றாள். பிறகு அழுதாள். ஸ்டாஃப் ரூமில், எல்லோரும் பார்க்க, மேசையில் தலையை வைத்து அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு பேர் இவ்வளவு பொய்யோடு டாக்டர் என்று போட்டுக்கொள்ளும் நாட்டில் இவளுக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்?

மறுநாள் கடிதம் கொடுத்துவிட்டாள். தரவு தவறு, காரணம் இன்னது, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இயலவில்லை. ஜூன் முப்பது வந்தது, போனது. கேமராவைத் திங்கட்கிழமை ஒப்படைக்கச் சொல்லி ஹெச்.ஓ.டி.யிடமிருந்து மெயில் வந்தது. ஒரே ஒரு சனிக்கிழமை மிச்சம்.

அந்த வாரம் முழுக்க அவள் போனில்தான் இருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு, "நான் நார்மல்னு சொன்னது தப்புக்கா. சனிக்கிழமை வாங்க. கழுவாம வாங்க" என்றாள். பாதிப்பேர் எடுக்கவில்லை. சிலர் வேலை மாறி, நம்பர் மாறிப் போயிருந்தார்கள். சனிக்கிழமை முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். வந்தவர்கள் நேரே குழாயடிக்குப் போனார்கள். சொன்னால் சிரித்தார்கள். "ஐயே, எப்டி டீச்சரம்மா? இன்னிக்கி காலு கண்ராவியா கீது" என்று வெட்கப்பட்டுப் பின்வாங்கினார்கள். ஜாஸ்மின் கும்பிட்டுக் கேட்டும் நடக்கவில்லை. கடைசியில் நான் போய்க் குழாயை இறுக மூடி, அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். என் செருப்பைக் கழற்றி வீசினேன். "என் காலும் அழுக்குதான், பார்த்துக்கோங்க" என்று கத்தினேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொருவராக ஹாலுக்குள் போனார்கள்.

திரையில் முதல்முறையாகச் சிவப்பு வந்தது. முப்பத்தெட்டுப் பேரில் ஐந்து பேருக்கு. எட்டு வருடம் காத்திருந்த சிவப்பு. அதை எந்த ஆய்வேட்டிலும் வைக்க முடியாது. ஜாஸ்மின் ஐந்து பேருக்கும் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள், கூட வந்தவர்களிடமும் இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.

எல்லோரும் போனபின் ராஜம்மா மகளின் வண்டியில் வந்து இறங்கினாள். இடதுகாலில் பெரிய கட்டு. வலதுகாலில் செருப்பும் புழுதியும். "கழுவல டீச்சரம்மா, நீங்க சொன்னீங்கன்னு அப்டியே வந்துட்டேன்" என்று ஸ்டூலில் காலை வைத்தாள்.

ஜாஸ்மின் படமெடுத்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே மஞ்சளா சிவப்பா என்று சொல்ல முடியாத ஒரு திட்டு. ஒற்றைக் காலில் பாரம் தாங்கிய சூடாகவும் இருக்கலாம், உள்ளே புண்ணாகவும் இருக்கலாம். ஒப்பிட்டுச் சொல்ல இன்னொரு கால் வேண்டும். அந்தக் கால் கட்டுக்குள் இருந்தது, விரல் இருந்த இடத்தில் விரல் இல்லை. போன், இடதுகால் படம் எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்டது.

"எப்டி கீது? நார்மல்தான?" என்றாள் ராஜம்மா.

ஜாஸ்மின் போனை அணைத்தாள். "தெரியலக்கா."

"மெசினுக்குத் தெரியலயா?"

"மெஷினுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. வாங்க, ஆஸ்பத்திரிக்கே போயிடலாம். நான் வரேன்."

ராஜம்மா வலதுகாலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ டாக்டராண்ட காட்றதுக்கு மின்னாடி கழுவிக்கலாமாம்மா?" என்று என்னிடம் அனுமதி கேட்டாள்.