தொட்டிக்குள் பச்சை நூல்

எங்கள் வீட்டில் இருந்ததை மீன் தொட்டி என்று சொன்னால் அண்ணனுக்குப் பிடிக்காது. "இது செடித் தொட்டி ட்டீ. மீனு சும்மா வாடகைக்கு இருக்கு" என்பான். அவன் அப்போது பதினொன்றாம் வகுப்பு, நான் நான்காவது. தென்காசி வீட்டு முன்னறையில், அம்மாவின் தையல் மிஷினை ஒட்டி, இரண்டடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. வாடகைக்கு இருந்தவை ஆறு கப்பி மீன்கள். மற்றபடி உள்ளே எங்கு பார்த்தாலும் பச்சைதான்.

அந்தத் தொட்டிக்காக அவன் செய்த அட்டூழியம் கொஞ்சநஞ்சமில்லை. குற்றாலத்துக்குக் குளிக்கப் போனவன் சிற்றாற்றங்கரையில் கிடந்த ஒரு மரவேரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். கறை இறங்க வேண்டுமாம். அம்மா வருஷத்துக்கு ஒருமுறை பரணிலிருந்து இறக்கும் பொங்கல் பானையில் அதைப் போட்டு அரைநாள் வேகவைத்தான். வீடு முழுக்க ஒரு வாடை. "ஏலே, வேரையா கொழம்பு வைக்கே?" என்று அம்மா கரண்டியோடு வந்தாள். அவன் அசையவில்லை. "இன்னும் ஒரு கொதி வரட்டும்மா" என்றான்.

அந்த வேரின்மேல் வைப்பதற்கு அனுபியாஸ் என்று ஒரு செடி வாங்கி வந்திருந்தான். அகல இலை, இஞ்சி மாதிரித் தடித்த தண்டு. மணலில் புதைத்தால் அந்தத் தண்டு அழுகிவிடும், கட்டையில்தான் கட்டிவைக்க வேண்டும் என்றான். அம்மாவின் நூல் பெட்டியிலிருந்து இலை நிறத்துக்கே பொருந்துகிற ஒரு பச்சை நூலை உருவினான். நான் செடியைப் பிடித்துக்கொள்ள, அவன் சுற்றிச் சுற்றி ஏழு இடத்தில் முடிச்சுப் போட்டான். ஒவ்வொரு முடிச்சுக்கும் என் ஆள்காட்டி விரலை நூலின்மேல் வைத்து அழுத்தச் சொன்னான். விரலை எடுத்தால் தலையில் ஒரு குட்டு.

"வேரு கட்டையப் பிடிச்சிரும். பிடிச்ச பொறவு நூல வெட்டி எடுத்திரணும். இல்லன்னா தண்ட அறுத்திரும்."

"எப்பம் வெட்டணும்?"

"நான் சொல்லுதேன். அதுக்கு முன்ன தொட்ட, கொன்னுருவேன்."

அவன் சொல்லவே இல்லை. ஆடிச் சாரல் அடித்துக்கொண்டிருந்தபோது அவனுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். ஆறாம் நாள் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்குமேல் அதை எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை.

பிறகு தொட்டியை யாரும் தொடவில்லை. கண்ணாடியின் உட்புறம் பச்சையாகப் படிந்து மீன்களே தெரியாமல் போயின. அம்மா மிஷின் முன்னால் வந்து உட்காருவாள். தைக்க மாட்டாள். தொட்டியையே பார்த்துக்கொண்டிருப்பாள். பாசி படிந்த கண்ணாடியில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

ஒருநாள் கொசுப் புழு பார்க்கிற அக்கா வீட்டுக்கு வந்தாள். டிரம்மைப் பார்த்தாள், பூந்தொட்டிகளைப் பார்த்தாள், டார்ச் அடித்து அண்ணன் தொட்டியையும் பார்த்தாள். "மீனு கெடக்கு, அது புழுவத் தின்னுரும், பயமில்ல. ஆனா தண்ணிய இப்பிடிப் போட்டு வைக்காதிய" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பாவின் காதில் அதில் பாதிதான் விழுந்தது.

"கொசுவுக்குப் புள்ளயக் குடுத்துட்டு வீட்டுக்குள்ள தண்ணியக் கட்டி வச்சிருக்கோம்" என்றார். "ஞாயித்துக்கெழம இதத் தூக்கி வெளிய வச்சிருவேன்."

"அது அங்கனயே இருக்கட்டும்" என்றாள் அம்மா. அவ்வளவுதான். பல நாளுக்குப் பிறகு அவள் முழுதாகப் பேசிய வாக்கியமே அதுதான்.

தொட்டி போய்விட்டால் அம்மா எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள்? ஒரேயடியாகப் படுத்துவிடுவாள் என்று தோன்றியது. தண்ணீர் சுத்தமாக இருந்தால் அப்பா எதற்குத் தூக்கப்போகிறார்? பிரச்சினை இவ்வளவு சுலபமாக இருக்க, பெரியவர்களுக்கு ஏன் இது தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது.

சனிக்கிழமை, தூக்கமில்லாமல் கிடந்த அம்மாவை அப்பா டாக்டரிடம் கூட்டிப்போனார். கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கினேன். டியூபை வாயால் உறிஞ்சிப் பாதித் தண்ணீரை வாளிக்கு இறக்கினேன். ஒரு வாய் உள்ளேயும் போயிற்று. அண்ணன் வைத்திருந்த பழைய ஏடிஎம் கார்டால் கண்ணாடியைச் சுரண்டினேன். அழுகிய இலைகளைக் கிள்ளினேன். தாறுமாறாகப் பரவியிருந்த புல்செடியைப் பிடுங்கி, உயரமானவற்றைப் பின்னாலும் குட்டையானவற்றை முன்னாலுமாக, அவன் சொல்லிக்கொடுத்தபடியே நட்டேன். டிரம்மில் முந்தின நாள் பிடித்துவைத்த தண்ணீரை, மணல் கலங்காமல் இருக்க, தொட்டிக்குள் வைத்த ஒரு தட்டின்மேல் மெல்ல ஊற்றினேன். மீன்கள் ஆறும் இருந்தன.

அப்போதுதான் மரவேரைப் பார்த்தேன். அனுபியாஸ் கட்டையை நன்றாகக் கவ்வியிருந்தது. பச்சை நூல் தண்டுக்குள் பதிந்துகிடந்தது. பிடிச்ச பொறவு வெட்டணும். சொல்கிறேன் என்றவன் இல்லை. இருந்தால் இன்றைக்கு வெட்டச் சொல்லியிருப்பான் என்று நினைத்தேன். அம்மாவின் சின்னக் கத்தரியை எடுத்து ஏழு முடிச்சையும் நறுக்கினேன், நூலை உருவி வாளியில் போட்டேன். செடி அசையவில்லை. வாளியைக் கொண்டுபோய்க் கொல்லையில் கறிவேப்பிலை மரத்தடியில் கவிழ்த்தேன். அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை என்னால் மறைக்க முடியாது.

திரும்பி வந்த அப்பா தொட்டிமுன் நின்றார். அண்ணன் போனபிறகு அவர் அதன் எதிரே நின்றது அன்றுதான். என் தலையில் கை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை இனி வராது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அம்மா குனிந்து பார்த்தாள். கண்ணாடியில் மூக்குப் படப் பார்த்தாள். "நூலு எங்கட்டீ?" என்றாள்.

"வெட்டிட்டேம்மா. வேரு பிடிச்சிட்டு. அண்ணந்தான் வெட்டச் சொன்னான்."

"எங்க போட்ட?"

சொன்னேன். அம்மா கொல்லைக்கு ஓடினாள். வெளியே போய்வந்த சேலையோடு சேற்றில் முட்டி போட்டு, அழுகிய இலைகளை ஒவ்வொன்றாக விலக்கித் துழாவினாள். பின்னாலேயே போன நான் அவளுக்கு ஆறுதலாக, "எம்மா, அதே நூலு பெட்டியில உருண்டையா இருக்கே. எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கிடலாமே" என்றேன். அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. மறுபடி குனிந்துகொண்டாள். அரை மணி நேரத்தில் வெறும் நூல்துண்டுகள் கொஞ்சம் கிடைத்தன. முடிச்சோடு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

முடிச்சுதான் வேண்டியிருக்கிறது என்று கடைசியில் எனக்குப் புலப்பட்டது. உள்ளே ஓடி உருண்டையிலிருந்து ஒரு முழம் பச்சை நூலை அறுத்தேன். ஆள்காட்டி விரலால் அழுத்தி அழுத்தி, எண்ணி ஏழு முடிச்சுப் போட்டேன். கொண்டுவந்து அம்மாவின் சேறு படிந்த உள்ளங்கையில் வைத்தேன். அதைப் பார்த்ததும் அவள் அழுதாள் பாருங்கள், அண்ணனைக் கொண்டுவந்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. எனக்குக் குழப்பமாகிவிட்டது. அண்ணன் போட்ட மாதிரி இறுக்கமாக இல்லைபோலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவள் கையிலிருந்து நூலை வாங்கி, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து மறுபடி போட ஆரம்பித்தேன்.